நீங்கள் கொடுத்துவிட்ட நிரல்

அன்புள்ள டீச்சர்,

இன்று காலை குலசேகரம் போகும் பேருந்தில் ஒருவர் ரப்பர் ஷீட் கட்டு ஒன்றை ஏற்றினார். புகை போட்டுக் காய்ந்த ஷீட். மழைக்காக ஜன்னல் ஷட்டர்களை எல்லாம் இறக்கி விட்டிருந்ததால், அந்த வாடை வெளியே போக வழியில்லாமல் எங்களையே சுற்றிச் சுற்றி வந்தது. முன்சீட்டுப் பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "இதுக்கு லக்கேஜ் டிக்கெட் போராது, தனி பஸ்சே விடணும்" என்றார் கண்டக்டர். நான் மட்டும் நன்றாக இழுத்து மூச்சு விட்டேன். எனக்கு அது ரப்பரின் வாடை அல்ல. உங்கள் ரோபோவின் வாடை.

நினைவிருக்கும் உங்களுக்கு. கடையில் வாங்கிய பிளாஸ்டிக் சக்கரங்கள் நம் பள்ளியின் சிமென்ட் தரையில் வழுக்கிக்கொண்டே இருந்தன. நம் மாணவன் பிரதீஷ் ஒரு திங்கட்கிழமை தன் வீட்டுப் புகைக்கூடத்திலிருந்து ஒரு ஷீட்டைச் சுருட்டிக்கொண்டு வந்தான். நீளவாக்கில் வெட்டிச் சக்கரத்தைச் சுற்றி ஒட்டினோம். வண்டி தரையைக் கவ்விப் பிடித்துக்கொண்டு ஓடியது. அன்றிலிருந்து அந்த அறைக்கு அந்த வாடைதான். பக்கத்து வகுப்புக்குப் போகும் ஆசிரியர்கள் கதவருகில் வந்ததும் நடையை எட்டிப் போட்டார்கள். நீங்களோ, "நாறட்டு சாரே, ஓடுதுல்லா" என்றீர்கள்.

நான் இயற்பியல், நீங்கள் கணினி. கருங்கல் ஊர்ப் பக்கம் இருந்த நம் பள்ளியில் படிக்கட்டுக்குக் கீழே உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்த ஓர் அறையைக் கேட்டு வாங்கி, பிள்ளைகளோடு சேர்ந்து நீங்களே கழுவிவிட்டு, அதற்கு 'ரோபோ ரூம்' என்று பெயர் எழுதி ஒட்டினீர்கள். சனிக்கிழமைதோறும் அங்கே கூடுவோம். என்னை எதற்குக் கூப்பிட்டீர்கள் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. "வயரு சூடானா ஏன்னு சொல்ல ஒரு ஆளு வேணும்" என்றீர்கள். அந்த வேலையை நான் கடைசிவரை ஒழுங்காகச் செய்தேன் என்று நினைக்கிறேன்.

ரோபோ என்றதும் கையும் காலும் வைத்து நடக்கும் பொம்மை என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. நம்முடையது ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுள்ள வண்டி. தரையில் கறுப்புப் பட்டை ஒட்டியிருக்கும். வண்டி அதைக் கண்டறிந்து பின்தொடர வேண்டும், முக்கு வந்தால் திரும்ப வேண்டும், வழியில் இருக்கும் மரக்கட்டைகளை எடுத்து அதனதன் நிறத்துக் கட்டத்தில் வைக்க வேண்டும். போட்டி அவ்வளவுதான். வண்டியைச் செய்வது பாதி வேலை. அது என்ன செய்ய வேண்டும் என்று அதற்கு வரிவரியாகச் சொல்லும் நிரலை எழுதுவது மீதிப் பாதி. ஊருக்குப் புதிதாக வந்த ஒருவருக்கு வழி சொல்வது போலத்தான். 'நேரே போங்க, மாதா குருசடி வந்தா வலத்தாண்டு திரும்புங்க' என்று சொல்கிறோம். மனிதன் கொஞ்சம் அங்கே இங்கே பார்த்துச் சமாளித்துக்கொள்வான். வண்டி சமாளிக்காது. சொன்னதைச் சொன்னபடி செய்யும். நாம் தப்பாகச் சொன்னால் அதையும் அப்படியே செய்யும்.

அந்த நிரலை எழுதியது அபிஷா. பதினொன்றாம் வகுப்பு. பேச்சு குறைவு, பிடிவாதம் அதிகம். மின்வெட்டு வாட்டிய வருடங்கள் அவை. கரண்ட் இருக்கும்போது கணினியில் உட்கார்ந்து எழுதுவாள். அதே நேரத்தில் வண்டியின் பேட்டரி சார்ஜ் ஆகும். கரண்ட் போனதும் கணினி அணைந்துவிடும். உடனே எல்லோரும் தரைக்கு வந்து வண்டியை ஒன்றிரண்டு தடவை ஓட்டிப் பார்ப்பார்கள்; கரண்ட் வந்ததும் பேட்டரியை மறுபடி சார்ஜில் போடுவார்கள். இந்தப் பழக்கத்தைக் கவனமாகச் சொல்லிவைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

மாவட்ட அளவில் நம் வண்டிதான் முதலில் வந்தது. அடுத்தது மதுரை. தென்மாவட்டப் பள்ளிகள் எல்லாம் வரும். நம் மாவட்டத்திலிருந்து நம்மோடு இன்னும் சில பள்ளிகளும் தேர்வாகியிருந்தன. நம் கரஸ்பாண்டன்ட் அய்யா கூட்டத்தில் நம் பிள்ளைகளுக்குச் சால்வை போட்டார். இறங்கி வந்ததும் நம் இருவரிடமும் தனியாகச் சொன்னார்: "டீச்சர், எல்.கே.ஜி.க்கு எடம் பத்தல்ல. அந்த ரூமைக் கேக்காவ. மதுரையில கப்பு வாங்கிட்டு வாங்க, ரூமு உங்களுக்கு. இல்லேன்னா நான் என்ன செய்ய முடியும்?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு இடமில்லை. அவ்வளவுதான்.

அதற்கு அடுத்த வாரம்தான் நீங்கள் அந்தப் பேச்சை எடுத்தீர்கள். மதுரை போகும் நம் மாவட்டப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் அபிஷாவின் நிரலைக் கொடுத்துவிடலாம் என்று. கடைசி ஆளாகப் பட்டையை ஒட்டிக்கொண்டிருந்த ஜெபின் அப்படியே நிமிர்ந்தான். அவனும் உங்களைப் போலக் கடற்கரைக்காரன்.

"டீச்சரே, கடலுக்கடியில பாரு எங்கண இருக்குன்னு எனக்க அப்பா சொந்தத் தம்பிகிட்டகூடச் சொல்ல மாட்டாரு. அந்தப் பாறையிலதான் மீனு கெடக்கும். கோபுரத்தையும் மலையையும் வச்சுக் குறி பாத்து வச்சிருப்பாரு. கூட ஒரு வள்ளம் வந்தா வேற பக்கமாத் திருப்பிருவாரு. நீங்க போட்டிக்கு முன்னால குடுக்கணும்ங்கீங்க!"

நீங்கள் சிரித்துக்கொண்டே, "எனக்க அப்பாவும் அப்பிடித்தாம்ல. உங்க அப்பாவை வேற பக்கமாத் திருப்பி விட்டதே அவராத்தான் இருக்கும்" என்றீர்கள். பிறகு கேட்டீர்கள்: "செரி, நடுக்கடல்ல அடுத்த வள்ளத்துக்கு எஞ்சின் நின்னுபோச்சு. கையைக் காட்டுகான். உங்க அப்பா என்ன செய்வாரு?"

"போவாரு. வலையை விட்டுட்டும் போவாரு. சாமான் இருந்தாக் குடுப்பாரு, இல்லேன்னா கயிறு கெட்டி இழுத்துட்டு வருவாரு."

"அப்ப நம்ம புரோகிராமு மீனாக்கும்? எஞ்சினாக்கும்?"

ஜெபின் பட்டைச் சுருளைக் கையில் உருட்டினான். "மீனுன்னா கப்பு. புரோகிராமு எஞ்சினு" என்றான் வேண்டா வெறுப்பாக. முப்பது வருடம் வகுப்பெடுத்தவன் நான். ஓர் உதாரணம் சரியாக விழும்போது ஒரு பையனின் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

அபிஷா மடங்கவில்லை. "நான் எழுதுனது டீச்சர்" என்றாள். அந்த ஒரு சொல்லுக்கு நீங்கள் பதில் உதாரணம் தேடவில்லை. "ஆமா மக்கா, நீ எழுதுனது. நீ வேண்டாம்னு சொன்னா குடுக்க மாட்டேன். குடுத்தா மேல உனக்க பேரு இருக்கும்" என்று மட்டும் சொன்னீர்கள். மறுநாள் அவள் வந்து சரி என்றாள், ஆனால் ஒரு நிபந்தனையோடு. "எடுக்கவங்க என்ன கேடு வந்தாலும் எங்கிட்ட வந்து சொல்லணும். சும்மா எடுத்துட்டுப் போவப்பிடாது." நீங்கள் அவளைப் பார்த்த பார்வையில் பெருமை இருந்தது. நிரலின் தலையிலேயே அந்த நிபந்தனையையும் அவளைக்கொண்டே எழுத வைத்தீர்கள்.

நிரலுக்குள் இயந்திரத்துக்கான வரிகளோடு மனிதருக்கான குறிப்புகளும் எழுதலாம். முன்னால் இரண்டு சாய்ந்த கோடுகள் போட்டுவிட்டால் இயந்திரம் அந்த வரியைத் தாண்டிப் போய்விடும். படிப்பவர்கள் படித்துக்கொள்வார்கள். அபிஷா அவற்றை ஆங்கில எழுத்தில் நம் ஊர்த் தமிழாகவே எழுதியிருந்தாள். முக்கில் வண்டி எவ்வளவு நேரம் திரும்ப வேண்டும் என்பதற்கு ஓர் எண் உண்டு. பல வாரம் ஓட்டி ஓட்டிக் கண்டுபிடித்த எண். அதன் பக்கத்தில் எழுதியிருந்தாள்: 'மக்கா, இதை மட்டும் தொடாதே.'

நெட் இருக்கும் பள்ளிகளுக்கு மின்னஞ்சல். இல்லாத பள்ளிகளுக்கு சிடியில் பதிந்து, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி நீங்களே கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். ஒரு பள்ளியின் கணினி ஆசிரியர் சிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டீச்சரே, வைரசு ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டதாக நீங்களே சொல்லிச் சிரித்தீர்கள். "உங்களத் தோக்கடிக்க வாற ஆளு இப்பிடியா வெயில்ல நடந்து வரும்?" என்று பதில் சொன்னீர்களாம்.

செய்தி கரஸ்பாண்டன்ட் அய்யாவுக்கும் எட்டியது. "நம்ம கோழி இட்ட முட்டையை ஊரெல்லாம் கொண்டு குடுத்துட்டு வந்திருக்கீங்களே டீச்சர்" என்றார். "முட்டைதானே அய்யா. கோழி நம்மகிட்டல்லா நிக்கு" என்றீர்கள். அவர் சிரித்துவிட்டார். ஆனால் சிரித்து முடித்ததும் சொன்னார்: "கப்பு வரணும். சொன்னது சொன்னதுதான்."

மதுரைக்கு ஒரு வாரம் இருந்தபோது, ஒரு சனிக்கிழமை, பூதப்பாண்டிப் பள்ளியிலிருந்து ஒரு வாத்தியாரும் இரண்டு பிள்ளைகளும் தங்கள் வண்டியை ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் துண்டு சுற்றி வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பேசியதெல்லாம் ஐயப்பன் என்ற பையன்தான். தடித்த கண்ணாடி, நிற்காத வாய்.

"கேடு வந்தா சொல்லணும்னு எழுதியிருந்திய. அதான் வந்தோம். மொத தடவ ஓட்டுனா உங்க புரோகிராமு ராஜா மாதிரி போகுது. ரெண்டு மூணு தடவ ஓட்டுனப் பொறவு முக்குல பாதிதான் திரும்புது. பட்டையை விட்டுட்டு நேரே செவுத்துல போய் முட்டுது. எங்க ஹெட்மாஸ்டர் காலுல ஒரு தடவ முட்டிட்டுது."

ஓட்டிக் காட்டினான். பாதி திரும்பி, பட்டையை விட்டு, நேராக என் செருப்பில் வந்து முட்டி நின்றது.

"உங்க வயரிங் செரியில்ல" என்றாள் அபிஷா. ஜெபின் வயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தன. கரண்ட் அப்போதுதான் போயிருந்தது. வழக்கப்படி சார்ஜ் ஏறிய நம் வண்டியை இறக்கி ஓட்டினாள். எல்லா முக்கிலும் நூல் பிடித்தாற்போலத் திரும்பியது. "பாத்தியளா" என்றாள்.

நீங்கள் அதோடு விடவில்லை. "உங்க பேட்டரி எப்ப சார்ஜ் போட்டது மக்கா?" என்று ஐயப்பனிடம் கேட்டீர்கள். முந்தின நாள் என்றான், அதற்குப் பிறகு நிறைய ஓட்டியாகிவிட்டது. அதைக் கழற்றி நம் வண்டியில் மாட்டச் சொன்னீர்கள். போட்டிக்காரர்கள் எல்லாப் பள்ளிக்கும் ஒரே வகைப் பேட்டரிதான் கொடுத்திருந்தார்கள். அபிஷா மாட்டினாள். பட்டையில் வைத்தாள். நம் வண்டி முதல் முக்கில் பாதி திரும்பி, பட்டையை விட்டு, நேராகப் போய்ச் சுவரில் முட்டியது.

சக்கரம் சுவரோடு உரசிக்கொண்டு சுற்றியது. ரப்பர் வாடை அதிகமாயிற்று.

அங்கேதான் என் பாடம் கொஞ்சம் உதவியது. செல் தீரத் தீர டார்ச் விளக்கு மங்கும் அல்லவா, அதுபோல பேட்டரி இறங்க இறங்க மோட்டாரும் மெதுவாகச் சுற்றும். நிரல் 'இவ்வளவு நேரம் திரும்பு' என்று சொல்கிறது. நேரம் அதேதான். ஆனால் அந்த நேரத்துக்குள் வண்டி இப்போது பாதிதான் திரும்புகிறது. அபிஷா கண்டுபிடித்த எண் தப்பில்லை. நிறைந்த பேட்டரிக்கு மட்டும் சரியான எண் அது. கரண்ட் இருக்கும்போது சார்ஜ் போட்டு, போன நிமிடமே ஓட்டிப் பழகிய நமக்கு, பாதி தீர்ந்த பேட்டரியில் வண்டி எப்படிப் போகும் என்று ஒரு நாளும் தெரிந்திருக்கவில்லை. மாவட்டப் போட்டியில் ஒரே சுற்று. மதுரையில் இரண்டு சுற்று, நடுவில் சார்ஜ் போட விடமாட்டார்கள் என்று விதியிலேயே இருந்தது. அதாவது, இந்தப் பையன் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்காவிட்டால், நாம் மதுரையில் இரண்டாவது சுற்றில் சுவரில் முட்டியிருப்போம்.

"நீங்க அந்த எண்ணை மாத்திப் பாக்கல்லியா?" என்று கேட்டாள் அபிஷா. குரல் இறங்கியிருந்தது.

"தொடாதேன்னு எழுதியிருந்தியளே. நாங்க தொடல்ல" என்றான் ஐயப்பன்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். நீங்கள் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தீர்கள். "ஏன் மக்கா தொடாதேன்னு எழுதுன?"

"கெட்டுப் போயிரும்னு பயந்துதான் டீச்சர்."

"கெட்டாக் கெடட்டு. கெட்டாத்தான என்னத்துக்குக் கெட்டுதுன்னு தெரியும்."

இந்த வார்த்தையை அதற்குப் பிறகு நான் என் வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் உங்கள் குரலில்தான் எனக்குக் கேட்கும்.

வழி சொன்னது ஐயப்பன். "எவ்வளவு நேரம் திரும்பணும்னு நாம எதுக்குச் சொல்லணும்? அடுத்த பட்டை கண்ணுல படுகவரை திரும்புன்னு சொன்னாப் போராதா? பேட்டரி எறங்குனா மெதுவாத் திரும்பட்டு. நமக்கென்ன?" அபிஷா அவனையே பார்த்தாள். எழுந்து கணினிக்கு ஓடினாள். கரண்ட் இல்லை. யு.பி.எஸ். செத்துப்போய் மாதமாகியிருந்தது. நீங்கள் ரசவடை வாங்கி வரச் சொன்னீர்கள். கரண்ட் வரும்வரை இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் கறுப்புப் பட்டையைச் சுற்றி உட்கார்ந்து தின்றுகொண்டே தரையில் சாக்குக்கட்டியால் எழுதி எழுதி அழித்தார்கள். மின்விசிறி சுற்றத் தொடங்கியபோது அவர்கள் கையில் விடை இருந்தது. அன்று மாலைக்குள் இரண்டு வண்டியும், எந்தப் பேட்டரியைப் போட்டாலும், எல்லா முக்கிலும் திரும்பின.

பூதப்பாண்டிக்காரர்கள் பஸ் ஏறிப் போனபின், கதவைப் பூட்டும்போது நான் உங்களிடம் சொன்னேன்: "டீச்சர், இந்தத் திருத்தத்தை மதுரை முடிஞ்சதும் மத்த பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பலாமே. ரூமு இதுலதான் இருக்கு." நியாயமாகத்தான் சொன்னேன். முதலில் கொடுத்ததே பெரிய காரியம். அறையையும் காப்பாற்ற வேண்டும் அல்லவா.

நீங்கள் பூட்டில் சாவியை வைத்தபடியே திரும்பிப் பார்த்தீர்கள். "அவங்க வண்டியில நம்ம தப்பு ஓடிட்டு இருக்கு சாரே. நாம குடுத்த தப்பு. தெரிஞ்சுக்கிட்டு ஒரு வாரம் வச்சிருந்தா, அதுக்கு நாம மொதல்லயே குடுக்காம இருந்திருக்கலாம்."

ஒரு வைத்தியர் மருந்து கொடுத்தபிறகு அது இன்னாருக்கு ஒத்துக்கொள்ளாது என்று அறிந்தால், ஓடிப்போய்ச் சொல்ல வேண்டியவர் அவர்தானே. நான் வகுப்பில் சொல்லக்கூடிய உதாரணம்தான். அன்று எனக்குத் தோன்றாமல் போயிற்று.

அபிஷா பின்னால்தான் நின்றிருந்தாள் என்று நாம் இருவரும் கவனிக்கவில்லை. "கதவைத் தொறங்க டீச்சர்" என்றாள். உள்ளே போய், நிரலின் தலையில் தன் பெயருக்குக் கீழே ஐயப்பன் பெயரையும் சேர்த்தாள். பழைய குறிப்பை அழித்தாள். அந்த இடத்தில், அதே ஆங்கில எழுத்தில், 'மக்கா, தொட்டுப் பாரு' என்று அடித்தாள். அனுப்பும் பொத்தானை அவளே அழுத்தினாள். உங்களிடம் கேட்கவில்லை. சிடிகள் மறுபடியும் உங்கள் பையில் ஏறின.

மதுரையில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சொல்லிப் பார்க்க எனக்குப் பிடிக்கும். இரண்டாவது சுற்றில் மற்ற மாவட்டத்து வண்டிகள் பலவும் முக்கில் தடுமாறின. நம் மாவட்டத்து வண்டிகள் எல்லாம் மெதுவாக, நிதானமாக, பட்டையைத் தேடித் திரும்பின. நடுவர் ஒருவர், "நீங்க எல்லாம் ஒரே ஸ்கூலாப்பா?" என்று கேட்டார். "இல்ல சார், ஒரே ஜில்லா" என்றான் ஜெபின். அப்படிச் சொன்னபோது அவன் நெஞ்சு விரிந்ததைப் பார்த்தேன்.

கப்பு பூதப்பாண்டிக்குப் போயிற்று. நாம் ஒரு கட்டையில் தோற்று இரண்டாவது வந்தோம். ஐயப்பன் மேடையிலிருந்து இறங்கிக் கப்போடு நேராக அபிஷாவிடம் வந்து, "பிடி, ஒரு போட்டோ எடுப்போம்" என்றான். "உனக்க கப்பை நீயே பிடி. என்னால சுமக்க முடியாது" என்றாள். பிறகு பிடித்தாள்.

கரஸ்பாண்டன்ட் அய்யா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வாரம் முடிவதற்குள் 'ரோபோ ரூம்' எழுத்து சுரண்டப்பட்டு, சுவரில் முயலும் ஆமையும் வந்தன. நீங்கள் உடைந்துவிடுவீர்கள் என்று நான் பயந்தேன். திங்கட்கிழமை காலை, இயற்பியல் ஆய்வகத்தின் வாசலில் ஓர் அட்டைப்பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றீர்கள். ரப்பர் வாடை உங்களுக்கு முன்னால் உள்ளே வந்துவிட்டது.

"சாரே, அந்தக் கடைசி மேசையில நீங்க ஊசலு மட்டுந்தான் வச்சிருக்கீங்க?"

"ஊசல் எங்க வேணும்னாலும் ஆடும் டீச்சர்" என்றேன்.

"ரூமுதான போச்சு. சனிக்கிழமை போகல்லல்லா" என்றபடி பெட்டியை இறக்கி வைத்தீர்கள்.

அந்த மேசையில்தான் பிறகு எல்லாம் நடந்தது. நாம் தேடிப் போனது மாறி, அவர்கள் தேடி வரத் தொடங்கினார்கள். அதுவரை நீங்கள் சிடியோடு பஸ் ஏறினீர்கள். பிறகு சனிக்கிழமைகளில் பிள்ளைகள் வாளிகளோடு நம்மைத் தேடி பஸ் ஏறினார்கள். 'கேடு வந்தா சொல்லணும்' என்ற நிபந்தனையை ஒருவரும் மறக்கவில்லை. சில நாள் ஆய்வகத்தில் நிற்க இடமிருக்காது. எல்.கே.ஜி. பிள்ளைகளின் வராந்தாவில் பட்டை ஒட்டி ஓட்டுவோம். கரஸ்பாண்டன்ட் அய்யா ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, "இதில நம்ம பிள்ளைக எது டீச்சர்?" என்று கேட்டார். நீங்கள் கையை அகல வீசிக் காட்டினீர்கள்.

நான் ஓய்வு பெற்றபோது ஊசலை எனக்குத் தந்துவிட்டு மேசையை நீங்கள் வைத்துக்கொண்டீர்கள். உங்களுக்கு இன்னும் எத்தனையோ வருடம் சர்வீஸ் இருந்தது. அப்படித்தான் நினைத்தோம். நோய் உங்களை அதிக நாள் இழுக்கவில்லை என்பதை ஆறுதல் என்று சொல்கிறார்கள். எனக்கு அது ஆறுதலாக இல்லை. உங்கள் கடற்கரைக் கோயிலில் அடக்கப் பூசைக்கு வந்தபோது, மணலில் வெவ்வேறு பள்ளிகளின் சீருடை நிறங்கள் கலந்து நின்றன. உங்கள் அண்ணன் என்னிடம், "இவங்க எல்லாம் யாரு சார்?" என்று கேட்டார். எனக்கு முந்திக்கொண்டு பக்கத்தில் நின்ற ஜெபின் சொன்னான்: "டீச்சர் எஞ்சின் குடுத்த ஆளுக."

இனி இன்றைய கதை.

குலசேகரத்தில் ஒரு பள்ளியில், வரும் மாதப் போட்டிக்கு முன்னால் தங்கள் வண்டியை வந்து பார்க்கும்படி என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அதற்குத்தான் அந்த பஸ். நல்ல அறை, புதிய கணினிகள். கரண்ட் போகவில்லை. பொறுப்பு ஆசிரியர் இளைஞர், என்மேல் மரியாதையானவர். நான் உட்கார்ந்ததும் கதவைச் சாத்தினார். "தப்பா நெனச்சுக்கிடாதீங்க சார். போட்டி முடியவரை புரோகிராமை வெளிய விடக்கூடாதுன்னு மேனேஜ்மெண்ட்ல சொல்லியிருக்கு. இந்தப் பிள்ளைக்கு மட்டுந்தான் பாஸ்வேர்டு தெரியும்" என்றார். கறுப்புப் பொட்டு வைத்த ஒரு பெண்பிள்ளை எனக்கு முதுகைக் காட்டி மறைத்துக்கொண்டு பாஸ்வேர்டை அடித்தாள். திரை திறந்தது.

முதலில் பெயர்கள் இருந்தன. வரிசையாக, ஒன்றின் கீழ் ஒன்றாக. தெரியாத ஊர்கள், தெரியாத பிள்ளைகள். ஒவ்வொருவரும் எடுத்து, ஓட்டி, எதையோ திருத்தி, தங்கள் பெயரைக் கீழே எழுதிவிட்டு அடுத்தவருக்கு விட்டிருக்கிறார்கள். உச்சியில் அபிஷா. அதற்குக் கீழே ஐயப்பன். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "முக்குல திரும்புக எடத்தைக் காட்டு மக்கா" என்றேன். அவள் கீழே இறக்கினாள். இரண்டு சாய்ந்த கோடுகள். அதன் பக்கத்தில், ஆங்கில எழுத்தில்:

'மக்கா, தொட்டுப் பாரு.'

"இது நீ எழுதுனதா?"

"இல்ல சார். நெட்ல இருந்து எடுக்கும்போதே இருந்தது. எங்களுக்குச் சிரிப்பா வந்துது, அழிக்காம விட்டுட்டோம்."

நான் அந்த ஆசிரியரிடம் சண்டை போடவில்லை, டீச்சர். கோபம்கூட வரவில்லை. இந்தக் கடிதத்தில் உங்களிடம் சொன்ன அத்தனையையும் அவர்களிடம் சொன்னேன். வாளி, பேட்டரி, சுவரில் முட்டியது, மதுரை, முயலும் ஆமையும். சாத்திய கதவுக்குள் அந்தப் பிள்ளைகள் வாயைத் திறந்தபடி கேட்டார்கள். முடித்ததும் ஆசிரியர் கைகளைப் பிசைந்தார். "போட்டி முடிஞ்சதும் குடுத்திருவோம் சார்" என்றார். "அதை நானும் ஒரு தடவ சொல்லியிருக்கேன்" என்றேன். "நீங்க மேனேஜ்மெண்ட்ல பேசுங்க. வேணும்னா நானும் வந்து பேசுகேன். அடுத்த சனிக்கிழமையும் வருவேன். அதுக்கடுத்த சனிக்கிழமையும் வருவேன். எனக்கு வேற சோலி இல்ல."

அந்தப் பெண்பிள்ளை மட்டும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பெயர்களை மேலிருந்து கீழே தடவிக்கொண்டே வந்தாள். "இதில உங்க டீச்சர் பேரு எது சார்?"

நானும் தேடினேன். பிறகு நினைவு வந்தது. உங்கள் பெயரை நீங்கள் எழுதவே இல்லை. 'ஒரு வரியும் நான் எழுதல்ல' என்று சொல்லி, பெயர் போட மறுத்துவிட்டீர்கள்.

"இல்ல மக்கா" என்றேன்.

"போடட்டா?"

விசைப்பலகையில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். போடச் சொல்ல எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

"வேண்டாம். கடைசில உனக்க பேரைப் போடு. மேனேஜ்மெண்ட்ல அனுப்பச் சொல்லுக அன்னைக்கு, பொத்தானை நீயே அமுத்து."

அவள் தன் பெயரை அடித்தாள். அனுப்பவில்லை. பொத்தான் இன்னும் அமுக்கப்படாமல்தான் இருக்கிறது. அதற்காகத்தான் சனிக்கிழமை காலை, முதல் பஸ்சுக்கே கிளம்பப் போகிறேன். ரப்பர் ஷீட் கட்டு ஏறினால் பக்கத்து சீட்டில் வைக்கச் சொல்வேன்.

அன்புடன்,
உங்கள் வயர் சூடானால் ஏனென்று சொல்லும் ஆள்